உள்வலை, வெளிவலை: ஒரே மேசையில் இரண்டு வைஃபை

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். கட்டிட வரைபடம் போடுவதுதான் வேலை. இணையம் எங்களுடையது இல்லை. மாடி முழுவதற்கும் பொதுவாகக் கட்டிட நிர்வாகம் கொடுத்திருக்கும் வைஃபைதான். அதன் பாஸ்வேர்டு மட்டும் எங்களிடம் இருக்கிறது, செட்டிங்ஸ் எதிலும் கைவைக்க முடியாது. அதில் சேரும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறார்கள். பலரும் வந்து போகும் இடத்துக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பிரிண்டர், பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் பிளாட்டர், கோப்புகளெல்லாம் இருக்கும் நாஸ் பெட்டி எதையும் அந்த வைஃபை வழியாகத் தொட முடியாது. அதனால் சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி, இணையமே இல்லாத இரண்டாவது வைஃபை ஒன்றை வைத்துக்கொண்டோம்.

முதல் சில மாதம் மாற்றி மாற்றி ஓட்டினோம். மின்னஞ்சல் பார்க்க ஒரு வைஃபை, பிரிண்ட் எடுக்க இன்னொன்று. ஒருநாள் சாயங்காலம் பக்கத்து மேசைத் தம்பி ஒன்றரை ஜிபி கோப்பை ஏற்றிக்கொண்டிருந்தான். 92 சதவீதம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வரைபடம் அவசரமாக அச்சுக்கு வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் வைஃபையை மாற்றினான், ஏற்றம் அறுந்தது, மறுபடி பூஜ்யத்திலிருந்து. அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன், இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க என்ன வழி என்று பார்க்க. எனக்குச் சரியாக அமைய மூன்று வாரம் ஆயிற்று. வரிசை தெரிந்திருந்தால் ஒரு மதியப்பொழுது போதும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இணையம் தரும் வைஃபையை வெளிவலை என்றும், பிரிண்டரும் கோப்புகளும் இருக்கும் நம் சொந்த வைஃபையை உள்வலை என்றும் சொல்லிக்கொள்கிறேன். அலுவலகத்திலும் இப்போது இந்தப் பெயர்தான் வழக்கு.

ஒரு கார்டு, ஒரு வலை

லேப்டாப்பில் இருக்கும் வைஃபை கார்டு சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு வலையோடுதான் சேரும். பட்டியலில் இன்னொரு பெயரைத் தொட்டால் முதலாவதை விட்டுவிட்டுத்தான் போகும். 'டூயல் பேண்ட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு வலையிலும் சேரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைப் பட்டைகளில் எதிலும் பேசத் தெரியும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆக, இரண்டு வலை வேண்டுமென்றால் கணினிக்கு இரண்டு வாசல் வேண்டும். உள்ளே இருக்கும் கார்டோடு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கார்டு, சேர்க்கலாம். அல்லது ஒன்றை வைஃபையாகவும் மற்றதைக் கேபிளாகவும் வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், இரண்டு வலையையும் இணைக்கும் வேலையை ரூட்டரிடமே விட்டுவிடலாம். மூன்றையும் நாங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். எந்த வழியானாலும் எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒரு தாளும் பேனாவும் எடுத்து, முகவரிகளை எழுதிப் பார்ப்பது.

முதலில் முகவரி

ஒவ்வொரு ரூட்டரும் தன் கீழே இருக்கும் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிறது. வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் விற்கும் ரூட்டர்களில் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிதான் ஆலையிலிருந்தே வரும். நம் ரூட்டரும் கட்டிடத்து ரூட்டரும் இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்துவிட்டால்? கணினியைப் பொறுத்தவரை அது ஒரே தெருவில், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. கடிதம் எந்த வீட்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு நடந்தது இதுதான். உள்வலை ரூட்டரின் செட்டிங்ஸைத் திறக்க 192.168.1.1 என்று தட்டினேன். உள்நுழைவுப் பக்கம் வந்தது. என் பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்கிறது. திரும்பத் திரும்பப் போட்டேன். மறந்துவிட்டேன் போல என்று முடிவுகட்டி, ரூட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை வைத்து அழுத்தி, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து அமைத்தேன். அப்புறமும் அதே பக்கம், அதே தவறு. நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டிடத்து ரூட்டரின் பக்கம். இரண்டு பக்கமும் வேறு வேறு தோற்றம் என்பதைக்கூட கவனிக்காமல் ஒரு முழு மாலை போயிற்று.

அதனால் இதைச் செய்யுங்கள். வெளிவலையில் மட்டும் சேர்ந்துகொண்டு, வைஃபையின் விவரப் பக்கத்தில் ஐபி முகவரியையும் கேட்வேயையும் (வலையிலிருந்து வெளியே போகும் வாசலின் முகவரி) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்வலையில் மட்டும் சேர்ந்து அதே இரண்டையும் குறியுங்கள். முகவரியின் முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் உள்வலையை மாற்றியே ஆக வேண்டும். வெளிவலை நம் கையில் இல்லாததால் மாற்றம் நம் பக்கம்தான்.

உள்வலை ரூட்டரின் 'லான்' பக்கத்தில் அதன் சொந்த முகவரியை 192.168.50.1 என்று மாற்றினேன். வலையின் பரப்பு எவ்வளவு என்று சொல்லும் மாஸ்க் 255.255.255.0. ஐம்பது என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. 0, 1 இரண்டையும் தவிர்த்து, வெளிவலையில் இல்லாத எண் எதுவாக இருந்தாலும் சரி. 192.168 என்று தொடங்குவதும், 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை இருப்பதும் தனிப்பட்ட வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள். இந்த மூன்றுக்குள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெளிவலையில் மாஸ்க் 255.255.255.0 ஆக இல்லாமல் 255.255.0.0 போல அகலமாக இருந்தால் மட்டும் உஷார். அப்போது 192.168 என்று தொடங்கும் எல்லாமே அந்த வலையின் பரப்புக்குள் வந்துவிடும். உள்வலையை 10 அல்லது 172 வரிசைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது.

முகவரியை மாற்றியதும் ரூட்டர் ஒருமுறை அணைந்து எழும். இனி அதைத் திறக்கப் புதிய முகவரியைத்தான் தட்ட வேண்டும். கூடவே முகவரியின் கடைசி எண்களைப் பங்கு பிரித்து வைத்துவிட்டேன்: நாஸ் பெட்டிக்கு 10, பிரிண்டருக்கு 20, பிளாட்டருக்கு 21, ஆறு பேரின் கணினிகளுக்கு 31 முதல் 36 வரை. வந்துபோகும் கருவிகளுக்கு ரூட்டர் தானாகக் கொடுப்பது 100 முதல் 199 வரை. நிலையான முகவரிகள் இந்தத் தானியங்கிப் பங்குக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ரூட்டர் பிரிண்டரின் எண்ணை யாருடைய ஃபோனுக்காவது கொடுத்துவிடும்.

பிரிண்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிண்டரின் முகவரியை மாற்றினாலும், கணினிகளில் சேர்த்து வைத்திருக்கும் பிரிண்டர் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்டீஸ் திறந்து, 'போர்ட்ஸ்' தாவலில் புதிய முகவரியோடு ஒரு போர்ட் சேர்த்தால் சரியாகிவிடும்.

எந்த வாசல் வழியாக வெளியே போவது

மூன்று வாரத்தில் எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். இங்கே நிதானமாக வாருங்கள்.

கணினிக்கு ஒரு முகவரியைத் தேடிப் போக வேண்டியிருந்தால் முதலில் தன் வலைகளைப் பார்க்கும். 192.168.50.10 வேண்டுமா? அது உள்வலையின் பரப்பு, அந்த வாசல் வழியாக நேராகப் போய்விடும். இதில் குழப்பமே இல்லை. இரண்டு வலையிலும் இல்லாத முகவரி, அதாவது இணையத்தில் இருக்கும் ஏதோ ஒரு தளம் என்றால், 'டீஃபால்ட் கேட்வே'யிடம் கொடுத்துவிடும். சிக்கல் எங்கே என்றால், நம் உள்வலை ரூட்டருக்குத் தன்னிடம் இணையம் இல்லை என்பதைப் பற்றிக் கவலை கிடையாது. சேரும் ஒவ்வொரு கணினியிடமும் 'நான்தான் கேட்வே, என் வழியாகப் போ' என்று சொல்லிவிடும். இப்போது கணினியிடம் இரண்டு கேட்வே. ஒன்று உண்மையான வழி, மற்றது முட்டுச்சந்து.

விண்டோஸ் இந்த இரண்டில் ஒன்றை 'மெட்ரிக்' என்ற எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. எண் குறைவாக இருந்தால் முன்னுரிமை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இணைப்பின் வேகத்தைப் பார்த்து அதுவே எண் போட்டுக்கொள்ளும். மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம் ரூட்டரோடு வேகம் அதிகமாக இருந்தால் முட்டுச்சந்துக்கே முன்னுரிமை கிடைத்துவிடும். கேபிளில் சேர்ந்தால் இன்னும் நிச்சயம். காலையில் எல்லாம் ஓடுகிறது, மதியம் இணையம் போய்விடுகிறது, சாயங்காலம் தானாக வருகிறது என்று எங்கள் அலுவலகத்தில் புலம்பல் கிளம்பியதற்கு இதுதான் காரணம். சிக்னல் ஏற இறங்க வேகம் மாறியது, வேகம் மாற மாற வாசலும் மாறியது.

தீர்வு எளிமையானது: உள்வலைக்குக் கேட்வேயே கொடுக்காதீர்கள். விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலுக்குப் போய் 'நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்' திறந்தால் அடாப்டர்கள், அதாவது கார்டு, டாங்கிள் போன்ற வாசல்கள், வரிசையாகத் தெரியும். 'வைஃபை', 'வைஃபை 2' என்று இருப்பதை முதலில் 'வெளி', 'உள்' என்று பெயர் மாற்றிவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அடுத்த தடவை எதில் கைவைக்கிறோம் என்று தடுமாற வேண்டியதில்லை. பிறகு 'உள்' மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், ஐபிவி4. அதில் முகவரி 192.168.50.31, மாஸ்க் 255.255.255.0. கேட்வே கட்டம் காலி. டிஎன்எஸ் கட்டமும் காலி. 'ஓகே' கொடுத்து மூடுங்கள்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போது ஏதோ விட்டுப்போனது போல மனம் உறுத்தும். விட்டுவிடுங்கள், அது காலியாக இருப்பதால்தான் எல்லாம் ஓடுகிறது. டிஎன்எஸ் காலியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரச் சொல்லி, இணையமே இல்லாத ரூட்டரிடம் கேட்டுக் காத்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் சில வினாடி தயங்கித்தான் திறக்கும்.

முகவரியைத் தானாகவே எடுக்கட்டும் என்று நினைப்பவர்கள் அதே ஐபிவி4 ஜன்னலில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி, 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' டிக்கை எடுத்துவிட்டு, உள்வலைக்கு 500, வெளிவலைக்கு 10 என்று போடலாம். ஓடும். ஆனால் வெளிவலை ஒரு நிமிடம் விழுந்தாலும் கணினி முட்டுச்சந்தில் போய் நிற்கும். எனக்குக் காலிக் கட்டம்தான் பிடித்திருக்கிறது.

மேக் கணினியில் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'சர்வீஸ் ஆர்டர்' என்று ஒன்று இருக்கிறது. வெளிவலையை மேலே இழுத்து வைத்தால் போதும். லினக்ஸில், பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருக்கும் நெட்வொர்க் அமைப்பில், ஐபிவி4 தாவலில் 'இந்த இணைப்பை அதன் வலையில் உள்ளவற்றுக்கு மட்டும் பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் முடிந்தது. மூன்றில் இதுதான் அழகான ஏற்பாடு.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், அதற்கு நேரே வெளிவலையின் கேட்வே இருக்க வேண்டும். இரண்டு வரி இருந்தால் உள்வலையில் கேட்வே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாஸ் பெட்டியைப் பெயர் சொல்லித் தேடாமல் எண் சொல்லியே இணையுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு 192.168.50.10 என்று தட்டி, டிரைவாக மேப் செய்துவிட்டால் போதும். பெயரைத் தேடும்போது கேள்வி எந்த வாசல் வழியாகப் போகிறது என்ற சந்தேகமே வேண்டாம். அப்புறம், உள்வலையைப் 'பிரைவேட்' என்றும் வெளிவலையைப் 'பப்ளிக்' என்றும் குறித்து வையுங்கள். மாடி முழுவதும் சேரும் வலையில் நம் கோப்புப் பகிர்வு திறந்து கிடக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அடாப்டர்கள் இரண்டையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் 'பிரிட்ஜ் கனெக்ஷன்ஸ்' என்று ஒரு வாய்ப்பு வரும். இரண்டையும் சேர்ப்பதுதானே நம் நோக்கம், இதுதான் போல என்று தோன்றும். நமக்கு வேண்டியது இரண்டிலும் இருப்பது. அது செய்வதோ இரண்டு வலையையும் ஒன்றாகத் தைப்பது. தையல் பிடித்துவிட்டால் நம் ரூட்டர் பக்கத்து அலுவலகத்துக் கணினிக்கு முகவரி கொடுக்க ஆரம்பிக்கும், நம் கோப்புப் பெட்டி மாடி முழுவதற்கும் தெரியும்.

டாங்கிளை எங்கே செருகுவது

உள்ளே இருக்கும் கார்டு வெளிவலைக்கு, டாங்கிள் உள்வலைக்கு. இப்படிப் பிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகும்போது டாங்கிளைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். உள் கார்டின் அமைப்பு எதையும் நாம் மாற்றவில்லை என்பதால் வீட்டு வைஃபையில் வழக்கம்போல ஓடும். நான் முதலில் தலைகீழாக அமைத்து, வீட்டுக்குப் போய்த் திண்டாடினேன்.

இரண்டு அடாப்டர் இருக்கும்போது விண்டோஸின் வைஃபைப் பட்டியலில் மேலே எந்த அடாப்டர் என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று வரும். டாங்கிளுக்கு உள்வலையை மட்டும் காட்டி, 'தானாக இணை' என்று டிக் போடுங்கள். வெளிவலையை டாங்கிளில் சேர்க்கவே வேண்டாம்.

இனி, நான் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன் என்ற ஒன்று. டாங்கிளை லேப்டாப்பின் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் செருகியிருந்தேன். பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க். டிஸ்க் சும்மா இருக்கும்போது உள்வலை நன்றாக ஓடும். டிஸ்கில் கோப்பு நகல் எடுக்க ஆரம்பித்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, இணைப்பே அறுந்துவிடும். நகல் முடிந்ததும் திரும்பி வந்துவிடும். காரணம், யுஎஸ்பி 3.0 ஓடும்போது வெளிப்படும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே விழுகிறது. இண்டல் நிறுவனம் 2012-லேயே இதை விளக்கி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. வைஃபை அங்கேதான் பேசுகிறது, டாங்கிளோ இரைச்சலுக்குக் காதோரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் முனையில் மாட்டி, மேசை விளிம்பில் ஒட்டிவிட்டேன். அதே டிஸ்க், அதே நகல், இணைப்பு அசையவில்லை. டாங்கிளை 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்தாலும் இந்தத் தொல்லை இல்லை. அதனால் வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்த டாங்கிளாக வாங்குங்கள். மேக் கணினிக்கு வாங்குபவர்கள் அதன் இப்போதைய மென்பொருளுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பல டாங்கிள்களுக்கு இல்லை. மேக்குக்கு நான் கேபிளைத்தான் சொல்வேன்.

இடம் மாறாத கணினிகளுக்கும் கேபிளே மேல். உள்வலை ரூட்டரின் 'லான்' துளையிலிருந்து ஒரு கேபிள், வெளிவலைக்கு வைஃபை. மேலே சொன்ன காலிக் கட்டம் கேபிள் அடாப்டருக்கும் அப்படியே பொருந்தும். கேபிள் செருகியதும் வைஃபை தானாக அணைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சில லேப்டாப்களில் பயாஸில் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) கேபிள் வந்தால் வைஃபையை நிறுத்தும் அமைப்பு உண்டு, அதை அணைத்துவிடலாம். விண்டோஸும் ஒரு இணைப்பு இருக்கும்போது இன்னொன்றில் தானாகச் சேரத் தயங்கும். வைஃபைப் பட்டியலில் கையால் ஒருமுறை தொட்டால் சேர்ந்துகொள்ளும்.

நாஸ் பெட்டி, பிளாட்டர் இரண்டையும் எப்போதும் கேபிளில்தான் மாட்டுங்கள். அசையாத பொருளுக்கு வைஃபை கொடுத்துக் காற்றை நெரிசலாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெயரும் சேனலும்

ஒரு பட்டைக்குள் வலைகள் பேசும் தனித்தனி இடங்கள்தான் சேனல்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒரு வலை பேசவோ இருபது மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 மூன்றுதான். வெளிவலை எந்தச் சேனலில் இருக்கிறது என்று ஃபோனில் ஒரு வைஃபை அலசல் செயலியைப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்வலையை இந்த மூன்றில் தள்ளி இருப்பதில் வையுங்கள். வெளிவலை 6 என்றால் நமக்கு 1 அல்லது 11. இடையில் 3, 4 என்று காலியாகத் தெரிவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே போனால் இரண்டு பக்கமும் இடிபடும். அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸிலேயே நிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 36 முதல் 48 வரை ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். 52 தொடங்கி நடுவில் வரும் சேனல்கள் பல நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் இடம். ரேடார் அலை கேட்டால் ரூட்டர் உடனே வேறு சேனலுக்கு ஓடிவிடும், அந்த நேரம் இணைப்பு அறும்.

வலைக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன விஷயம். உள்வலைக்குத் தமிழிலேயே பெயர் வைக்க எனக்கு ஆசை. 'அலுவலகக்கோப்பு' என்று தட்டினேன், ரூட்டர் ஏற்கவில்லை. வைஃபைப் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிகள்தான். ஆக மொத்தம் பத்துக் குறிக்குத்தான் இடம். நான் தட்டிய பெயருக்குப் பதினான்கு வேண்டும். 'அச்சகம்' என்று சுருக்கியபோது ஏற்றுக்கொண்டது, ஆனால் பழைய பிரிண்டரின் சின்னத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. கடைசியில் ஆங்கில எழுத்துகளிலேயே வைத்தேன். இரண்டு வலைக்கும் ஒரே பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள். கணினி இரண்டையும் ஒரே வலை என்று நினைத்து மாறி மாறித் தாவும்.

பாஸ்வேர்டு இரண்டுக்கும் வேறு வேறாக இருக்கட்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது அதற்குப் பிந்திய டபிள்யூபிஏ3. பட்டனை அழுத்திச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

ரூட்டரிடமே விட்டுவிடுவது

ஆறு கணினிக்கும் இப்படி அமைத்துப் பராமரித்த பிறகு, இப்போது நாங்கள் வந்து நிற்கும் இடம் வேறு. டாங்கிள்கள் இரண்டு மேசையில்தான் மிச்சம். மற்றவர்களுக்கு ரூட்டரே வேலையைச் செய்கிறது.

இன்றைய சிறிய ரூட்டர்கள் பலவற்றில் 'விஸ்ப்' என்றோ 'வயர்லெஸ் வான்' என்றோ ஒரு முறை இருக்கிறது. அதில் ரூட்டரே ஒரு கணினியைப் போல வெளிவலையில் வைஃபையாகச் சேர்ந்துகொள்ளும். தன் கீழே இருக்கும் எல்லோருக்கும் உள்வலையின் முகவரியைக் கொடுத்து, இணையத்தையும் தன் வழியாகவே கொடுக்கும். கணினி சேர்வது உள்வலை ஒன்றில்தான், ஆனால் இரண்டும் கிடைக்கும். கேட்வே காலிக் கட்டம் எதுவும் வேண்டாம், எல்லாம் தானாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஃபோனுக்கும் இதுதான் ஒரே நல்ல வழி, ஏனென்றால் ஃபோனில் டாங்கிள் மாட்டிக்கொண்டு திரிய முடியாது.

இதே பட்டியலில் 'ரிப்பீட்டர்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். ரிப்பீட்டர் வெளிவலையையே நீட்டித் தரும். நம் பிரிண்டரும் கட்டிடத்து வலைக்குள் போய் அதே பூட்டில் மாட்டிக்கொள்ளும்.

விஸ்ப் முறையில் கவனிக்க வேண்டியவை சில. ஒரே பட்டையில் மேலேயும் (வெளிவலையோடு) கீழேயும் (நம் கருவிகளோடு) பேசினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஒரே ரேடியோ இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால். நாங்கள் மேலே போக 2.4, அலுவலகத்துக்குள் 5 என்று பிரித்துவிட்டோம். வெளிவலையின் 5 கிகாஹெர்ட்ஸ் எங்கள் சுவரைத் தாண்டி நன்றாக வந்திருந்தால் மாற்றி வைத்திருப்பேன். அப்புறம், மேலே பேசும் ரேடியோவின் சேனல் நம் கையில் இல்லை. கட்டிடத்து ரூட்டர் சேனலை மாற்றினால் நம்முடையதும் கூடவே போகும். அந்தப் பட்டையில் நம் பிரிண்டரும் இருந்தால், 'ஏன் திடீரென்று அறுந்தது' என்று தேடும்போது இது நினைவிருக்கட்டும்.

வெளிவலையில் சேர்ந்ததும் பெயர், எண் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் வருமென்றால், உள்வலையில் இருக்கும் ஏதாவது ஒரு கணினியில் அதை நிரப்பினால் பொதுவாகப் போதும். வெளிவலைக்கு ரூட்டர் மட்டும்தான் தெரியும், பின்னால் இருக்கும் ஆறு பேர் தெரிய மாட்டார்கள். அதனாலேயே நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. நாங்கள் சொன்னோம், அவர்கள் மறுக்கவில்லை.

எல்லாப் போக்குவரத்தும் இரண்டு ரூட்டரைத் தாண்டிப் போவதால், வெளியிலிருந்து யாராவது நம் நாஸ் பெட்டிக்குள் நேராக வர வேண்டும் என்றால் சிரமம். இணையம் பார்க்க, வீடியோவில் பேச, கோப்பு ஏற்ற எந்தத் தடையும் இல்லை. டாங்கிள் மிச்சமிருக்கும் அந்த இரண்டு மேசையும் பெரிய கோப்புகளை நாள் முழுக்க ஏற்றுபவர்களுடையவை. அவர்கள் சுமையை ரூட்டரின் ஒற்றை இணைப்பில் ஏற்ற வேண்டாமென்று தனியாக விட்டிருக்கிறேன்.

இரண்டு வலையிலும் இணையம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வேகத்தை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கோப்பை இறக்கும்போது அது ஒரு இணைப்பின் வழியாகத்தான் வரும். சாதாரண அமைப்பில் அந்த ஒரு கோப்பின் வேகம் கூடாது. இரண்டு இணைய இணைப்பை ஏற்கும் ரூட்டர் வாங்கினால், ஒன்று விழுந்தால் மற்றது ஏறும்படி வைக்கலாம், எனக்குத் தெரிந்து அதுதான் பயனுள்ளது. சுமையைப் பங்கு போடும்படி வைத்தால் வங்கித் தளங்கள் பாதியில் வெளியே தள்ளிவிடும், ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து வருவது போலத் தெரிவதால்.

சோதனை

எல்லாம் முடிந்ததும் அமைந்துவிட்டது என்று நம்பிவிடாமல் உடைத்துப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பை இணையத்தில் ஏற்ற ஆரம்பியுங்கள். அது ஓடும்போதே ஒரு தாள் அச்சடியுங்கள். நாஸ் பெட்டியிலிருந்து இன்னொரு கோப்பை நகல் எடுங்கள். மூன்றும் நிற்காமல் ஓட வேண்டும். பிறகு உள்வலை ரூட்டரை அணையுங்கள். டாங்கிள் மேசைகளில் ஏற்றம் தொடர வேண்டும், பிரிண்டர் மட்டும் போக வேண்டும். ரூட்டரை மறுபடி போட்டுவிட்டு வெளிவலையிலிருந்து விலகுங்கள். இப்போது பிரிண்டர் ஓட வேண்டும், இணையம் உடனே 'இல்லை' என்று சொல்ல வேண்டும். உடனே சொல்லாமல் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கேட்வே ஒட்டிக்கொண்டிருக்கிறது, 'ரூட் பிரிண்ட்' போட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் வலைக்குள் இணையம் வழியாக நுழைய உதவும் விபிஎன் போட்டதும் பிரிண்டர் காணாமல் போனால் பழுது நம் அமைப்பில் இல்லை. சில விபிஎன்கள் எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியாகவே இழுத்துக்கொள்ளும். உள்ளூர் வலையை அனுமதிக்கும் டிக் அதன் அமைப்பில் இருந்தால் போடலாம், இல்லையென்றால் அச்சடித்துவிட்டு விபிஎன் போடுவதுதான் வழி.

விண்டோஸ் பெரிய அப்டேட் எடுத்த மறுநாள் அடாப்டர் அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை டாங்கிளை வேறு துளையில் மாற்றிச் செருகியதும் புதிய அடாப்டராக எடுத்துக்கொண்டு, போட்டிருந்த முகவரியெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டாங்கிளிலும் அதன் கடைசி எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன், துளைக்குப் பக்கத்திலும் அதே எண். முகவரித் தாளின் ஒரு நகல் உள்வலை ரூட்டரின் அடியில் இருக்கிறது. நான் விடுப்பில் இருக்கும்போதும் யாராவது ரூட்டரைத் திருப்பிப் பார்த்து, 31 யாருடையது, 20 எது என்று தெரிந்துகொள்ளலாம்.